மோரிஸ் மைனர்: வயரிங்கை உருவுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

கேட்டிருப்பது சுருக்கமாக இது. யாழ்ப்பாணத்தில் நிற்கும் 1962-ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000. இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. ஹார்ன் ஒரு நேரம் அடிக்கிறது, ஒரு நேரம் அடிப்பதில்லை. இஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போதும் ஸ்பீடோமீட்டர் முகப்பில் இருக்கும் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. பார்த்த எலக்ட்ரீஷியன், வயரிங் முழுவதையும் உருவிவிட்டு ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் தரும் பழைய டைனமோவுக்குப் பதிலாக இன்றைய கார்களில் இருப்பது) போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: பழுது எங்கே இருக்கிறது? அதை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் எல்லாவற்றையும் மாற்றினால், துருப்பிடித்த எர்த் இணைப்பு (கரண்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இடம்) அப்படியே இருக்கும். அதன்மேல் புது வயர் வந்து உட்காரும். ஹெட்லைட் மறுபடியும் மஞ்சளாகவே எரியும். ஒரு மல்டிமீட்டரும் அரை நாளும் இருந்தால் போதும், இதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருந்தால் உங்கள் காரில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். இன்றைய கார்களுக்கு நேர் எதிர். நெகட்டிவ் எர்த் என்று பழகிய கை, பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடும். இடையில் யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியும் இருக்கலாம். அதனால் எந்த முனையிலிருந்து தடித்த கேபிள் பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் கம்பம் நெகட்டிவைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும். கிளாம்ப் ஒரு பக்கம் லூசாகவும் ஒரு பக்கம் அடித்து இறக்கியது போலவும் இருந்தால், யாரோ மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கழற்றும்போது எர்த் கிளாம்ப்பை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் பாசிட்டிவ் எர்த் என்று வைத்துக்கொண்டு எழுதியது. மீட்டரின் சிவப்பு முனை பாடியில், கருப்பு முனை வயரில். மாற்றிப் பிடித்தால் மைனஸ் குறி காட்டும், அவ்வளவுதான்.

இரண்டு நாளில் பேட்டரி இறங்குவதை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தக் காருக்கு 40 ஆம்பியர்-மணி அளவிலான பேட்டரி என்று வைத்தால், 48 மணி நேரத்தில் அது காலியாக வேண்டுமானால் தொடர்ந்து ஏறத்தாழ 0.8 ஆம்பியர் கசிய வேண்டும். அது ஒரு 10 வாட் பல்பு இரவும் பகலும் எரிவதற்குச் சமம். ஈரத்தால் வரும் சின்னக் கசிவு இவ்வளவு இழுக்காது. இக்னிஷனை அணைத்த பிறகு மைனரில் கரண்ட் எடுக்கக்கூடியவை மிகச் சில: உள்விளக்கு, ஹார்ன், லைட் ஸ்விட்ச், கட்-அவுட் பெட்டி (டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தி, டைனமோ நின்றதும் அதைப் பேட்டரியிலிருந்து துண்டிக்கும் பெட்டி). பிரேக் விளக்கும் வைப்பரும் பெட்ரோல் பம்பும் இக்னிஷன் வழியாக வருவதால் அவை மேல் பழி போட முடியாது. எனவே கரண்ட் கசிகிறதா, அல்லது பேட்டரி முழுதாகச் சார்ஜே ஆவதில்லையா என்பதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றி வெளிச் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. காரில் மாட்டாமலே இரண்டு நாள் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 12.4-க்குக் கீழே வந்தால் பேட்டரியே போய்விட்டது. காரைத் தொடவே வேண்டாம். அதற்குக் குறையாமல் நின்றால், காரில் வைத்து, எர்த் கிளாம்ப்புக்கும் பேட்டரி கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இணையுங்கள். எல்லாம் அணைத்திருக்க, கதவு மூடியிருக்க, அது பூஜ்யம் காட்ட வேண்டும். இந்தக் காரில் கணினியோ அலாரமோ கிடையாது. பின்னால் யாரும் ரேடியோ மாட்டியிருக்காவிட்டால் ‘கொஞ்சம் கசிவு இருக்கும்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. மீட்டர் ஏதாவது காட்டினால், பியூஸ் பெட்டியில் ஏ1, ஏ2 முனைகளுக்கு நடுவே இருக்கும் பியூஸை எடுங்கள். பூஜ்யமானால் ஹார்ன் அல்லது உள்விளக்கின் வழி. ஆகாவிட்டால் கட்-அவுட் பெட்டியின் டி முனையிலிருந்து (டைனமோவின் பெரிய வயர் சேரும் முனை) வயரை எடுங்கள். அதில் நின்றுவிட்டால் கட்-அவுட் பாயிண்ட் (உள்ளே தொட்டு விலகும் முனைகள்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி டைனமோ வழியாகத் தன்னையே காலி செய்துகொண்டிருக்கிறது. அப்படி ஒட்டியிருந்தால் 0.8 ஆம்பியர் அல்ல, பல ஆம்பியர் போகும். வண்டியை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் டைனமோ ஆறாமல் சூடாகவே இருக்கும். மீட்டரின் பியூஸ் போகாமலிருக்க, முதலில் ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பைத் தொடராகப் பிடித்துப் பாருங்கள். பல்பு பளிச்சென்று எரிந்தால் மீட்டரை வைக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால், கசிவைவிடச் சார்ஜ் ஆகாததுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு அந்தச் சிவப்பு விளக்கே சாட்சி.

அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதன் ஒரு கால் இக்னிஷன் ஸ்விட்சின் வெள்ளை வயரில், மறு கால் டைனமோவின் டி முனையில். எர்த்தோடு அதற்கு நேரடித் தொடர்பே இல்லை. இஞ்சின் ஓடாதபோது டி பக்கம் டைனமோவின் ஆர்மேச்சர் (உள்ளே சுழலும் காயில்) வழியாக எர்த் ஆகிறது, விளக்கு எரிகிறது. டைனமோ சுற்றி வோல்ட் ஏறியதும் இரண்டு காலிலும் சம வோல்ட், விளக்கு அணைகிறது. ஆகவே அது ‘சார்ஜ் இல்லை’ என்று காட்டும் விளக்கு அல்ல. இரண்டு இடத்துக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. ஐடிலிங்கில் மினுக்கினால் அது இயல்பு. வேகத்திலும் மங்கலாக எரிந்தால் இரண்டில் ஒன்று. டைனமோ போதுமான வோல்ட் தரவில்லை. அல்லது டைனமோ நன்றாகத் தருகிறது, ஆனால் டி முனையிலிருந்து கட்-அவுட் பாயிண்ட், அதே பெட்டியின் ஏ, ஏ1 முனைகள், பழுப்பும் நீலமும் கலந்த வயர், இக்னிஷன் ஸ்விட்ச் என்று போகும் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது.

இரண்டையும் பிரிக்க எளிய வழி ஒன்று உண்டு. இஞ்சினை நடு வேகத்தில் வைத்து ஹெட்லைட்டைப் போடுங்கள். ஹெட்லைட் போட்டதும் சிவப்பு விளக்கு இன்னும் பிரகாசமானால் வழியில் தடை இருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. கரண்ட் கூடக் கூட அந்தத் தடையில் தொலையும் வோல்ட்டும் கூடுகிறது. அப்போது மீட்டரின் ஒரு முனையை டி-யிலும் மறு முனையை ஏ-யிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கட்-அவுட் பாயிண்டைச் சந்தேகிக்கலாம். பிறகு ஏ-க்கும் ஏ1-க்கும், ஏ1-க்கும் ஸ்விட்சின் உள்வரும் முனைக்கும், ஸ்விட்சின் உள்ளுக்கும் வெளிக்கும் என்று ஒவ்வொரு படியாக நகருங்கள். எந்தப் படியில் எண் குதிக்கிறதோ அங்கேதான் பழுது. 0.3 என்பது நடைமுறை அளவுதான், புத்தக விதி அல்ல. ஆனால் நல்ல இணைப்பில் அதற்கும் குறைவாகவே வரும்.

டைனமோவைத் தனியாகச் சோதிப்பது அதைவிட எளிது. பெல்ட் இழுவையை முதலில் பாருங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் தழைய வேண்டும். டைனமோவில் இரண்டு வயர்: பெரியது டி, சிறியது எஃப். இரண்டையும் கழற்றி நுனியை டேப் சுற்றி ஒதுக்குங்கள். ஒரு சின்னத் துண்டு வயரால் டைனமோவின் டி, எஃப் முனைகளை ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். முள் மீட்டர் கிடைத்தால் நல்லது. பிரஷ் (ஆர்மேச்சரைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் கரித்துண்டு) எழுப்பும் மின் இரைச்சலில் டிஜிட்டல் எண் தாவிக்கொண்டே இருக்கும். ஐடிலிங்கில் தொடங்கி மெல்ல ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் வோல்ட் தடங்கலில்லாமல் மளமளவென்று ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தொட்டதும் விட்டுவிடுங்கள். அதற்குமேல் விரட்டினால் ஆர்மேச்சரை நீங்களே எரித்துவிடுவீர்கள். இந்தச் சோதனையில் அதைக் கட்டுப்படுத்த ரெகுலேட்டர் இல்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். அரை முதல் ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் ஃபீல்டு காயில் (காந்தம் உண்டாக்கும், சுழலாத காயில்). நான்கைந்து வோல்ட்டில் நின்றுவிட்டால் ஆர்மேச்சர். ஃபீல்டு காயிலை உறுதிப்படுத்த, டி–எஃப் இணைப்பை எடுத்துவிட்டு எஃப் முனைக்கும் உடலுக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். மைனரில் வரும் லூகாஸ் கம்பெனியின் சி39, சி40 டைனமோ இரண்டுக்கும் 6 ஓம் அளவில் வரும். 2 ஓம், 3 ஓம் என்று வந்தால் உள்ளே ஷார்ட். முடிவிலி என்றால் அறுந்திருக்கிறது.

பிரஷ் மாற்றுவதில் ஒரு நிதானம் வேண்டும். கம்யூட்டேட்டரை (ஆர்மேச்சரில் பிரஷ் தொடும் செம்புப் பட்டைகள்) பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். கருத்த கோடுகள் போகாவிட்டால் மெல்லிய உப்புத்தாளைச் சுற்றி, ஆர்மேச்சரைச் சுழற்றித் தேயுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துவிடும். செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்கா, செம்போடு சமமாக வந்துவிட்டால் பிரஷ் அதன்மேல் துள்ளும். ஹாக்ஸா பிளேடின் பக்கங்களை மைக்காவின் அகலத்துக்குத் தேய்த்து, அதைக் கொண்டு மைக்காவை 0.8 மி.மீ. ஆழத்துக்கு இறக்க வேண்டும். கை பழகாதவர் இதை லேத் பட்டறையிலோ காயில் கட்டும் கடையிலோ கொடுப்பதே நல்லது. சி40-க்கு பிரஷ் 7 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். கடையில் பெயர் சொல்லி வாங்காமல் பழைய பிரஷைக் கையில் கொண்டுபோய் அகலம், கனம் இரண்டையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பின்பக்க புஷ்ஷின் துளையில் இஞ்சின் ஆயில் இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் விட வேண்டாம்; மிஞ்சியது கம்யூட்டேட்டரில்தான் போய்ச் சேரும்.

டைனமோ நன்றாக இருந்து, சார்ஜ் மட்டும் வராவிட்டால் சந்தேகம் கட்-அவுட் பெட்டிக்குப் போகும். உங்கள் ஆண்டுக்கு லூகாஸ் ஆர்பி106/2 வகை இருக்கும். மூடியைத் திறந்தால் இரண்டு காயில்: ஒன்று ரெகுலேட்டர், மற்றொன்று கட்-அவுட். முதலில் செய்ய வேண்டியது ஸ்குரூவைத் திருகாமல் இருப்பது. இந்தப் பெட்டிகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போவது, வேறு எங்கோ உள்ள பழுதுக்கு இங்கே திருகியதால்தான். பாயிண்டுகளைச் சுத்தம் செய்வதிலும் வித்தியாசம் உண்டு. ரெகுலேட்டர் பாயிண்ட் கடினமானது. மெல்லிய கார்போரண்டம் கல்லோ சிலிக்கான் கார்பைடு தாளோ போடலாம். கட்-அவுட் பாயிண்ட் மென்மையானது. அதற்குக் கண்ணாடித் துகள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாள் மட்டும்தான், கல்லும் எமரியும் கூடாது. இரண்டையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து முடியுங்கள்.

அளவு பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால்: ஏ, ஏ1 இரண்டிலும் உள்ள வயர்களைக் கழற்றி, அந்த வயர்களைத் தங்களுக்குள் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷனுக்குக் கரண்ட் போகாது, இஞ்சின் நின்றுவிடும். சேர்த்த இடம் எங்கும் உரசாதபடி டேப் சுற்றுங்கள், அது பேட்டரியின் நேரடி வழி. மீட்டரை டி முனைக்கும் இ (எர்த்) முனைக்கும் நடுவே வைத்து மெல்ல வேகம் ஏற்றினால், முள் ஒரு இடத்தில் லேசாகத் துள்ளி நிற்கும். 20 டிகிரி வெப்பத்தில் அது 16 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். வெயில் கூடினால் சற்றுக் குறையும். பட்டறைக் கையேட்டில் வெப்பத்துக்கு ஏற்ற அட்டவணை இருக்கிறது, உங்கள் பெட்டியின் எண்ணுக்கு உரியதையே பாருங்கள். 16 என்றதும் பயப்பட வேண்டாம்: பேட்டரி இணையாத நிலையில் எடுத்த அளவு இது. கட்-அவுட் மூடுவது 12.7-க்கும் 13.3-க்கும் நடுவே. முழுச் சோதனையையும் அரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். காயில் சூடானால் எண் பொய் சொல்லும். எல்லாம் மாட்டிய பிறகு, ஹெட்லைட் அணைத்து ஓட்டும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை வந்தால் போதும். லைட் போட்டால் அது 13 பக்கம் இறங்கும். சுமை கூடினால் வோல்ட்டைக் குறைக்கும்படிதான் இந்த வகை ரெகுலேட்டரை அமைத்திருக்கிறார்கள். அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி ஹெட்லைட். பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிட வேகமாகக் குறையும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10 கிடைத்தால், வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். எனவே பெரிய வாட் பல்பு வாங்குவதற்கு முன் இருக்கும் பல்புக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று பாருங்கள். இஞ்சினை அணைத்து ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனைகளில் ஒரு அளவு, பல்பின் பின்புறம் ஒரு அளவு. வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் மிக நல்லது. ஒன்றரை, இரண்டு என்று வந்தால் தொலைவது எந்தப் பக்கம் என்று பிரிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறு முனையைப் பல்பின் எர்த் வயரிலும் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, கம்பத்தின் ஈயத்திலேயே குத்த வேண்டும். கிளாம்ப்புக்கும் கம்பத்துக்கும் நடுவிலேயே வோல்ட் தொலைவதுண்டு. இங்கே காட்டும் எண் முழுவதும் எர்த் பக்கத்து நஷ்டம். மீதி உயிர் வயர் பக்கம்: லைட் ஸ்விட்ச், தரையில் இருக்கும் டிம்-டிப் ஸ்விட்ச், முன்பக்க இணைப்புகள். கால் மிதி ஸ்விட்ச் சேற்றிலும் தண்ணீரிலும் கிடந்து வாழ்வது; அதன் உள்ளுக்கும் வெளிக்கும் மீட்டர் வைத்தால் பல நேரம் அங்கேயே முக்கால் வோல்ட் காட்டும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மைனரின் மட்கார்டுகள் போல்ட் போட்டு மாட்டியவை. பின் மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே பீடிங் என்ற பட்டை ஓடுகிறது. பின்விளக்கு அந்த மட்கார்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விளக்கின் கரண்ட் திரும்பி வர வேண்டிய வழி அந்தப் போல்ட்டுகள். அவற்றின் தலையில் அறுபது வருடத்துப் பெயிண்டும் துருவும். பிரேக் மிதித்தால் பின்விளக்கு மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது என்றால், கரண்ட் நேர் வழி கிடைக்காமல் பக்கத்து பல்பின் வழியாகத் திரும்புகிறது என்று பொருள். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரு கருப்பு வயரை எடுத்துப் பாடியின் சுத்தமான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பெயிண்டைப் பளபளப்பான இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். இஞ்சின்–கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே செம்புப் பின்னல் பட்டை ஒன்று இருக்க வேண்டும். இஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் அது இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் முழுவதும் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும். செல்ஃப் சுற்றும்போது இஞ்சின் உடலுக்கும் பேட்டரி எர்த் கம்பத்துக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

முன் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் இணைப்புகளில் ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். கருப்பு ரப்பர் உறை, உள்ளே ஒரு செம்புக் குழாய், இரு பக்கமும் 4.7 மி.மீ. குண்டு முனை. ரப்பரைச் சுருட்டினால் குழாயின் வாயில் வெளிர்பச்சைத் தூள். குண்டு முனையின் ஒரு பக்கம் பளபளக்கும், மறு பக்கம் கருத்திருக்கும். அந்தச் சின்னப் பளபளப்பு மட்டும்தான் இத்தனை நாள் கரண்டைக் கடத்திக்கொண்டிருந்தது. உப்புக் காற்று வீசும் ஊரில் இது விரைவாகவே நடக்கும். தூளைச் சுரண்டிவிட்டு அதே குழாயை மாட்டினால் சில மாதம் ஓடும். புதுக் குழாயும் புது உறையும் வாங்கி, குண்டு முனையைப் பளபளப்பாக்கி மாட்டுவதே சரி. குண்டு முனைக்குப் பின்னால் வயரின் செம்பும் கருத்திருந்தால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கருத்த செம்பில் ஈயம் பிடிக்காது.

ஹார்ன் சுலபம். பியூஸிலிருந்து ஒரு வயர் ஹார்னுக்கு எப்போதும் கரண்ட் தருகிறது; பட்டன் எர்த்தைத்தான் சேர்க்கிறது. ஹார்னிலிருந்து பட்டனுக்கு வரும் வயரைப் பாடியில் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அடித்தால் பழுது ஸ்டியரிங் பட்டனிலும் அதன் எர்த்திலும். அப்போதும் தயங்கினால் ஹார்னின் உள் பாயிண்ட், அல்லது பியூஸ் பிடி. பியூஸ் பிடியின் கவ்விகள் தளர்ந்து கருத்திருப்பது மிகச் சாதாரணம்.

பியூஸ் என்றதும் இன்னொன்று. லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 என்று போட்டிருந்தால், 35 ஆம்பியரில் அது எரிந்துவிடும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய வேறு வகைப் பியூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. அந்த வகையில் 35 என்று எழுதியதை இங்கே போட்டால், பியூஸுக்கு முன் வயர் உருகும். 35 லூகாஸுக்குப் பதில் 15 அல்லது 17 ஆம்பியர் போடுங்கள். நீளமும் சிறிது வேறுபடும். லூகாஸ் 30 மி.மீ., அமெரிக்க வகை 32. அதைவிட முக்கியம், உங்கள் காரில் ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் பியூஸே கிடையாது. பழுப்பு வயர், பழுப்பு-நீல வயர், நீல வயர், வெள்ளை வயர் இவற்றில் எது பாடியில் உரசினாலும் பேட்டரியின் முழு பலமும் அதில் இறங்கும். பழைய கார்கள் தீப்பிடிப்பது இப்படித்தான். இதனால், வேறு எதைச் செய்யாவிட்டாலும், பேட்டரி கேபிளில் ஒரு கட்-ஆஃப் ஸ்விட்சும் ஹெட்லைட் வயர்களுக்குத் தனிப் பியூஸும் போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. ரிலே வைத்துப் போட்டால் பழைய ஸ்விட்சுகளின் சுமையும் குறையும்.

வயரிங்கை முழுக்க உருவ வேண்டுமா? இங்கே காரை நேரில் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது. நானும் சொல்ல மாட்டேன். பார்க்கும் முறையைச் சொல்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, சூடு அதிகம் படும் இடத்தில், டைனமோ வயரையும் கட்-அவுட் பெட்டி அருகே உள்ள வயரையும் ஒரு பென்சிலைச் சுற்றி வளையுங்கள். உறை வெடித்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ மாற்றத்தான் வேண்டும். டேப் சுற்றி ஓட்டுவது ஆபத்து. ஹார்னஸுக்குள் (வயர்க் கட்டு) இரண்டு வயர் உருகி ஒட்டியிருந்தாலும் அப்படியே. உறை வளைந்து கொடுத்து, வெட்டிய இடத்தில் செம்பு பளிச்சென்று இருந்தால், இணைப்புகளைப் புதுப்பித்தாலே போதும். துணி உறையின் நிறம் மங்கியிருப்பது மாற்றுவதற்குக் காரணமாகாது.

மாற்றுவதென்றால் கடையில் கிடைக்கும் ஒரே நிற வயரை வாங்கி ஓட்ட வேண்டாம். அந்த நிறங்கள்தான் அடுத்து வரும் மெக்கானிக்குக் காரைப் பற்றிச் சொல்பவை: பழுப்பு எப்போதும் உயிர், வெள்ளை இக்னிஷனில் பியூஸ் இல்லாமல், பச்சை இக்னிஷனில் பியூஸோடு, ஊதா எப்போதும் பியூஸோடு, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு விளக்கு, மஞ்சள் டைனமோவின் டி, மஞ்சள்-பச்சை எஃப், கருப்பு எர்த். இங்கிலாந்தில் மைனருக்கு அதே நிறத்தில் தயார் ஹார்னஸ் செய்து விற்கிறார்கள். ஆண்டு, வலப்பக்க ஸ்டியரிங், திரும்புவதைக் காட்ட வெளியே நீளும் கைகாட்டியா, மினுக்கும் ஃபிளாஷரா என்பதைச் சொல்லி வாங்க வேண்டும். 1961-இல்தான் மைனர் 1000-க்குக் கைகாட்டி போய் ஃபிளாஷர் வந்தது, உங்களுடையது அதன் எல்லையில் இருக்கிறது. பட்டறையிலேயே கட்டுவதென்றால் டைனமோவின் பெரிய வயருக்கும் பேட்டரியிலிருந்து வரும் பழுப்புக்கும் 3 சதுர மி.மீ., ஹெட்லைட்டுக்கு 2, மற்ற விளக்குகளுக்கு 1. உருவும் முன் ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய சீட்டு ஒட்டிப் படம் எடுங்கள். பின்பக்கம் போகும் பகுதியின் நுனியில் நைலான் கயிறு கட்டி உருவினால், அதே கயிறு புது வயரை உள்ளே இழுத்துக் கொடுக்கும்.

ஆல்டர்னேட்டர் தப்பு இல்லை. ஆனால் உங்கள் பழுதுக்கு அது மருந்தாகும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. கணக்கு இப்படி: சி40 டைனமோ தருவது 22 ஆம்பியர், சி39 19. 60 வாட் ஹெட்லைட் இரண்டுக்கு 10, சைடும் பின்னும் நம்பர் பிளேட்டும் இரண்டரை, இக்னிஷன் மூன்று நான்கு, வைப்பர் இரண்டு மூன்று. மழை இரவில் வேகமாக ஓடினால் டைனமோ சமாளிக்கும்; நெரிசலில் நின்று நின்று போனால் சமாளிக்காது. நீங்கள் அப்படி ஓட்டுபவரானால் போடலாம். போட்டால் நெகட்டிவ் எர்த்துக்கு மாற வேண்டும்: பேட்டரியைத் திருப்பி, இக்னிஷன் காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். வைப்பர், செல்ஃப் இரண்டுக்கும் கவலையில்லை. ரேடியோவும் டயோடு வைத்த பெட்ரோல் பம்பும் கெடும். மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதன் டயோடு அந்த நொடியே போய்விடும். அது தரும் கூடுதல் ஆம்பியருக்குப் பழைய பெரிய வயர் போதாது. பேட்டரிக்குத் தனித் தடித்த வயர் ஓட்ட வேண்டும். டைனமோவைத் தூக்கிப் போடாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

டைனமோவையே வைத்துக்கொண்டு நெகட்டிவ் எர்த்துக்கு மாறினாலும், டைனமோவை வெளியே கொடுத்துச் சரிசெய்து வாங்கினாலும், இஞ்சினை ஓட்டுவதற்கு முன் டைனமோவுக்குத் துருவம் காட்ட வேண்டும், அதாவது எந்தப் பக்கம் எர்த் என்று அதற்குப் பதிய வைக்க வேண்டும். டி, எஃப் வயர்களைக் கழற்றி, பேட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையை இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு நொடி, தொட்டு எடுங்கள். சின்னப் பொறி பறக்கும். இதை மறந்தால் டைனமோ எதிர்த் துருவத்தில் வோல்ட் எழுப்பி, கட்-அவுட் பாயிண்டைப் படபடவென்று அடித்துக் கருக்கிவிடும்.

எலக்ட்ரீஷியனிடம் மறுபடி போகும்போது ஒரு தாளில் இந்த எண்களை எழுதிக்கொண்டு போங்கள்: ஆறவிட்ட பேட்டரியின் வோல்ட், எல்லாம் அணைத்த பிறகு கசியும் ஆம்பியர், டி–எஃப் சேர்த்தபோது டைனமோ எட்டிய வோல்ட், லைட் எரியும்போது டி-க்கும் ஏ-க்கும் நடுவே தொலையும் வோல்ட், ஹெட்லைட் பல்பின் எர்த் பக்கத்து நஷ்டம். அதற்குப் பிறகும் வயரிங்கை உருவ வேண்டும் என்று அவர் சொன்னால், இதில் எந்த எண்ணை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.